மோக் சித்தப்பா செத்த படங்கள்

மோக் சித்தப்பா முதல்முறை செத்தது, லிஃப்ட் பழுதுபார்க்க வந்த இடத்தில். ஹாங்காங்கின் க்வுன் தோங் பகுதியில் ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடம். அதன் சரக்கு லிஃப்டில் எங்கள் டைரக்டர் லோங்கும், ஒளிப்பதிவாளர் குண்டுக் கோங்கும், வாடகைக்கு எடுத்த ஒரு சவப்பெட்டியும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். சித்தப்பா வந்து கதவை நெம்பி, முதலில் சவப்பெட்டியை வெளியே இழுத்தார். "மனுஷங்க அப்புறம் வரலாம், இது வாடகைப் பொருள்" என்றார். எங்கள் துறையைப் புரிந்துகொண்டவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிணமாக நடிக்க வந்திருந்த ஆள், சவப்பெட்டியே பாதியில் நின்றது கெட்ட சகுனம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார். லோங் சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தான்.

"ஐயா, ஒரு அரை மணி நேரம் படுத்திருக்க முடியுமா?"

"ஏசி ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப சரி."

படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். பிணம் லேசாகக் குறட்டை விட்டது என் ஹெட்போனில் மட்டும்தான் கேட்டது. நான் அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவுக்காரி, பெயர் நிங். ஒலிப்பதிவு என்றால் அது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மதியச் சோற்று டப்பா வாங்குவது, வேன் ஓட்டுவது, குடியிருப்புக் காவலாளியிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் ஒலியில்தான் சேர்த்தி. ஹாங்காங்கில் பெரிய கம்பெனிக் காசு இல்லாமல், கையை ஊன்றிக் கரணம் போட்டுக் கான்டனீஸ் மொழியில் படம் எடுக்கிற கூட்டத்தில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். லோங் வாரநாட்களில் இன்சூரன்ஸ் விற்பான். கோங் கல்யாண வீடியோ எடுப்பான். நாங்கள் எல்லோரும் கலைஞர்கள், சனி ஞாயிறுகளில் மட்டும்.

அன்றைக்குச் சித்தப்பா எழுந்ததும் கோங் ஓடிவந்து அவர் கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைத் திணித்தான். எங்கள் சினிமாவில் எதை விட்டாலும் இதை விடமாட்டோம். சம்பளப் பாக்கி வைக்கலாம், சோற்று டப்பாவில் கறியைக் குறைக்கலாம். ஆனால் பிணமாகப் படுத்தவருக்கு, எழுந்ததும் உறை கொடுத்தாக வேண்டும். உயிரோடு இருக்கிறவரின் போட்டோவைச் சட்டம் போட்டு, முன்னால் ஊதுபத்தி வைத்துப் படம் பிடித்தாலும் அதேதான். உள்ளே எவ்வளவு என்பது முக்கியமில்லை. அன்றைக்கே அதை ஏதாவது இனிப்பில் செலவழித்துவிட வேண்டும். தவறினால் நடித்த சாவு நிஜமாகி வந்து கதவைத் தட்டும். சித்தப்பா முட்டை டார்ட் என்கிற இனிப்பை வாங்கிச் சுடச்சுட நின்றுகொண்டே தின்றார். அப்போதே அவருக்குத் தொழில் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் சாகாத படம் குறைவு. ஏனென்றால் ஜனம் மூட்டை கட்டி வெளிநாடு போகிற இந்தக் காலத்தில் எங்கள் படங்களுக்கு ஒரே கதைதான். அப்பா செத்துப்போவார். பிள்ளை வீட்டைக் காலி செய்யும். பெட்டியை உருட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும். நடுவில் மழை பெய்யும், ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், யாரும் பத்து நிமிஷம் பேசமாட்டார்கள். வெளிநாட்டு விழாக்களில் இதைத் துணிச்சலான மௌனம் என்று எழுதுவார்கள். வசனம் எழுதத் தெரியவில்லை என்று எங்களுக்குள் தெரியும். அப்பா உயிரோடு இருந்தால் அவருக்கு வசனம் வேண்டும், ஒத்திகை வேண்டும், மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். செத்த அப்பாவுக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். மாரடைப்பு, புற்றுநோய், மாடிப்படியில் வழுக்கல் என்று எல்லா விதத்திலும் சித்தப்பா செத்தார். புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் நடிப்பில் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டார். "புத்துநோய்க்கு வாயை லேசாத் தொறந்து வச்சுக்கங்க" என்றான் லோங். அவ்வளவு நுணுக்கமான கலை எங்களுடையது.

கான்டனீஸ் சினிமா செத்துவிட்டது என்று பத்திரிகைகளும் வருஷா வருஷம் எழுதுகின்றன. அதற்கு மட்டும் இதுவரை யாரும் சிவப்பு உறை கொடுக்கவில்லை.

சித்தப்பா என்பது எங்கள் கூட்டம் வைத்த முறைதான்; அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் மோட்டார் அறைகளிலேயே கிடந்ததால் காது பாதி போய்விட்டது. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, வாயருகே பிடித்துக் கத்துவார். வா ஃபூ அரசுக் குடியிருப்பில் வீடு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் பூய்-ஷான், நர்ஸ். அவளும் கணவனும் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்த அன்று விமான நிலையத்தில் ஊரே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. இவர் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மகள் உள்ளே போயாகிவிட்டது. "போயிட்டாளா? நல்லது, நேரமாச்சு" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், ஏதோ லிஃப்ட் கதவு மூடாத கதையைச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்பா." "குளிரா?" "குளிர்தான்." அவ்வளவுதான் அப்பா மகள் உரையாடல். எங்கள் பட வசனத்தைவிட அது நீளம் என்பதால் நான் குறை சொல்லவில்லை.

இவர் படத்தில் நடிக்கிற விஷயம் மகளுக்குத் தெரியாது. சொல்லவில்லை. எப்படியும் நம் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். அது நியாயமான எண்ணம்தான். ஆனால் மான்செஸ்டரில் நம்மவர்கள் ஒரு சர்ச் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மாதம் ஒருமுறை நம் படங்களைப் போடுகிறார்கள். இங்கே இருந்த வரையில் ஒரு கான்டனீஸ் படத்துக்கும் டிக்கெட் வாங்காதவர்கள்கூட அங்கே முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். பூய்-ஷானும் ஒரு நாள் போனாள். படத்தின் பாதியில், ஒரு பூஜை மேடை. இரண்டு ஆரஞ்சு, ஒரு கட்டு ஊதுபத்தி, நடுவில் கறுப்புச் சட்டத்துக்குள் அவளுடைய அப்பா.

அப்போது இங்கே படப்பிடிப்பு. சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து இரவுச் சோறு தின்றுகொண்டிருந்தார். மான்செஸ்டரில் காலைக் காட்சி போட்டிருந்தார்கள், பிற்பகல் வாடகை கட்டுப்படியாகாது என்று. போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா! அப்பா, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். சாப்ட்டியா?"

"உங்க போட்டோவுக்கு ஊதுபத்தி வச்சிருக்காங்கப்பா! எவளோ ஒருத்தி முன்னாடி உக்காந்து அழறா!"

"அது நடிப்புமா. உறை குடுத்துட்டாங்க. பயமில்ல."

"அவ யாருப்பா உங்களுக்கு அழ? அங்க உக்காந்து அழ வேண்டியது நான்தானே?"

சித்தப்பா சாப்ஸ்டிக்கில் பிடித்திருந்த கறித்துண்டு டப்பாவில் விழுந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு மகள் சொன்னாள்:

"இன்னொரு தடவ செத்தீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன். சொல்லிட்டேன்."

போன் கட்டானது. அவர் டப்பாவை மூடி வைத்தார்.

"நிங்கு, இனிமே நான் சாகறதில்ல."

"சரி சித்தப்பா."

"ஒரே ஒரு வசனம் வேணும். அவ பாக்கறப்ப நான் வாயத் தொறந்து பேசணும். உயிரோட."

கேட்பதற்குச் சின்ன ஆசை. நடைமுறையில் எங்கள் சினிமாவில் அது பேராசை. அவருக்காக நான் அலைந்தேன். ஒரு படத்தில் அப்பா முதல் காட்சிக்கு முன்பே செத்திருந்தார். இன்னொன்றில் நினைவிழந்து கிடந்தார். மூன்றாவது டைரக்டர், பெரிய யோசனைக்குப் பிறகு, "உயிரோட இருக்கலாம், ஆனா ஊமை" என்றார். காசு கொடுத்து எடுக்கப்படும் பெரிய படங்களில் கிழவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், குங்ஃபூகூடச் செய்கிறார்கள். ஆனால் அங்கே வேஷம் கிடைக்க வேண்டுமென்றால் இருபது வயதில் அழகாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் லோங் ஒப்புக்கொண்டான். கருணையால் இல்லை. அவனுடைய புதுப் படத்துக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. சித்தப்பாவிடம் வீடு இருந்தது. வீட்டை இலவசமாகக் கொடுத்தால் அப்பாவைச் சாகடிக்காமல் விடுவதாக வாக்குக் கொடுத்தான். கதை என்னவோ பழையதுதான். மகள் ஊரை விட்டுப் போகிறாள். போகிற அன்று, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு வசனம் பேசுகிறார்.

பூஜையோடு ஆரம்பித்தோம். கேமராவைச் சிவப்புத் துணியால் மூடி, ஊதுபத்தி ஏற்றி, நான்கு திசையும் கும்பிட்டோம். முழுப் பன்றி வறுத்து வைப்பதுதான் முறை. எங்கள் வசதிக்குக் கடையில் வெட்டிய வறுத்த பன்றிக்கறி அரைப் பொட்டலம். தெய்வத்துக்கு எங்கள் நிலைமை தெரியும், கோபித்துக்கொள்ளாது என்று கோங் சமாதானம் சொன்னான்.

வசனத்தை லோங் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான். "மகளே, இந்த நகரம் நங்கூரம் அறுந்த தோணி. நீ கரை என்று நினைப்பது அலையின் முதுகு." சித்தப்பா அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டைரக்டர், இதுல அவளப் போகச் சொல்றனா, இருக்கச் சொல்றனா?"

"ரெண்டும்தான் சித்தப்பா."

"அப்ப அவ என்ன செய்யணும்?"

"அத ரசிகர்கள் முடிவு பண்ணுவாங்க."

"பாவம் அவங்க" என்றார் சித்தப்பா.

அந்தத் தோணி அவர் வாயில் மிதக்கவே இல்லை. ஒருமுறை நங்கூரம் முதுகில் ஏறியது, ஒருமுறை அலை அறுந்தது. போதாக்குறைக்கு வாசலில் ஒரு இரும்புக் கேட். மகளாக நடித்த பெண் பெட்டியோடு அதைத் திறக்கும்போதெல்லாம் பன்றிக்குட்டியை மிதித்ததுபோலக் கத்தும். என் காது கிழிந்தது.

"சித்தப்பா, இந்தப் பூட்டு அரதப்பழசு. கேட்டும் துரு. ரெண்டையும் மாத்திடலாம், நானே ஆள் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்."

"குடியிருப்பு ஆபீஸே புதுசு போட்டுத் தரானாம், இலவசமா. கீழ நோட்டீஸ் பாத்தேன்."

"வேணாம்னு சொல்றனே. பூட்டு மேல மட்டும் கை வைக்காத."

லிஃப்டையே அக்கக்காகப் பிரித்து மாட்டியவர், ஒரு பூட்டுக்கு இப்படி முறைப்பது எனக்குப் புரியவில்லை. கிழவர்களுக்கு வரும் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். அவரே ஒரு தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து கீலில் நாலு சொட்டு, பூட்டில் நாலு சொட்டு விட்டார். கத்தல் முனகலாகக் குறைந்தது.

மறுபடி எடுத்தோம். மகள் பெட்டியை உருட்டிக்கொண்டு மேஜையைக் கடந்தாள். சித்தப்பா தோணியைத் தேடி வாயைத் திறந்தார், கிடைக்கவில்லை. மூடிக்கொண்டார். சோற்றுக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார்:

"பெட்டியச் சுவத்துல இடிக்காம எடுத்துட்டுப் போ. நான் வரலம்மா. நீ திரும்பி வந்தா கதவத் தொறக்க உள்ள ஒரு ஆள் இருக்கணும்ல."

அந்தப் பெண் நின்றுவிட்டாள். கண்ணில் விடும் மருந்து இல்லாமலே அழுதாள். லோங் 'கட்' சொல்ல மறந்துபோனான். கோங்கின் தோள் குலுங்கியதில் படம் லேசாக ஆடியது, அதை இன்றும் பார்க்கலாம். நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமான நிலையத்தில் கழிவறைக்குள் ஒளிந்துகொண்ட மனிதர், அன்றைக்குச் சொல்லாததை இப்போதுதான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் நான் பதிவு செய்ததிலேயே நல்ல ஒலி அதுதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். "வசனத்த விட்டுட்டேனே."

"பரவால்ல" என்றான் லோங். "தோணிய வேற படத்துல வச்சுக்கறேன்."

சித்தப்பா அன்று மாலையே மகளுக்குப் போன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில். "நான் பேசற படம் ஒன்னு வரும். பாரு" என்றார். "சாகலையே?" என்றாள். "சாகல." "அப்பன்னா பாக்கறேன்."

படம் முடிந்தது. இனி தணிக்கைச் சான்றிதழ். அது இல்லாமல் ஊரில் எங்கேயும் திரையிட முடியாது. சான்றிதழ் கேட்கப் போனால் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. நம்மவர்கள் அவ்வளவு மரியாதை தெரியாதவர்கள் இல்லை. "பரிசீலனைல இருக்கு" என்பார்கள். வசந்தம் போனது, புயல் காலமும் போனது, பரிசீலனையில் இருந்தது. லோங் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான். ஒரு நாள் எடிட்டிங் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மேஜை சீன்தான் பிரச்சன. எனக்குத் தோணுது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. 'திரும்பி வந்தா'ன்னு இருக்கே. அப்ப ஊர விட்டு ஏன் போனாள்னு கேப்பாங்க."

"கேட்டாங்களா?"

"கேக்கல. கேட்டா என்ன சொல்றது?"

"அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனாள்னு சொல்லு! கேக்காத கேள்விக்குப் பதில் எழுதிட்டு உக்காந்திருக்கியே, உனக்கு என்ன வேண்டுதலா?"

அவன் கேட்கவில்லை. எங்கள் சினிமாவில் கத்தரிக்கோல் வைத்திருப்பவர்களுக்கு வேலையே இல்லை, எல்லாவற்றையும் நாங்களே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். மேஜைக் காட்சியைத் தூக்கினான். தூக்கியதும் அப்பா எங்கே என்ற கேள்வி வந்தது. கைவசம் இருந்த ஒரே மருந்தைக் கொடுத்தான். அப்பா செத்துவிட்டார். சித்தப்பா மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பிம்பத்தை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கம்ப்யூட்டரிலேயே சட்டம் போட்டு, சுவரில் மாட்டினான். ஊதுபத்திப் புகைகூடக் கம்ப்யூட்டரிலேயே போட்டான். மகள் இப்போது சோகத்தில் ஊரை விட்டுப் போகிறாள். சோகத்தை யாரும் பரிசீலிப்பதில்லை.

இரண்டே வாரத்தில் சான்றிதழ் வந்தது. வெட்டியதால் வந்ததா, இல்லை கட்டுக்கு அடியில் கிடந்த கோப்பு இயல்பாக மேலே வந்ததா, யாருக்கும் தெரியாது. லோங் மட்டும் தன் முன்யோசனையைத் தானே மெச்சிக்கொண்டான்.

வெட்டிய படத்தை முதலில் பார்த்தவன் குண்டுக் கோங். சுவரில் சித்தப்பா வந்ததும் எழுந்து விளக்கைப் போட்டான்.

"உறை குடுத்தியா?"

"கம்ப்யூட்டர்ல பண்ணதுக்கெல்லாம் உறையா?" என்றான் லோங்.

"அடப்பாவி! உயிரோட இருக்கற மனுஷனுக்குப் பொக போட்டுட்டு உறை குடுக்கலையா? அவர் சாகணும்னு எழுதி ஒட்டிட்டியேடா! என் பேரையும் இதுல போட்டிருக்க!"

சட்டத்துக்குப் பயப்படாமல் தெருவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் கோங். உறை கொடுக்கவில்லை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. விஷயம் பரவியது. நடித்த பெண் முதல் காட்சிக்கு வரமாட்டேன் என்றாள். போஸ்டர் வரைந்தவன் தன் பெயரை எடுக்கச் சொன்னான். லோங்குக்கும் அன்றிரவிலிருந்து வயிற்றுப்போக்கு. "நீயே போய்க் குடுத்துடு நிங், உன் பேச்சத்தான் கேப்பார்" என்று உறையை என்னிடம் நீட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அதை அவன் வாயிலேயே திணித்திருப்பேன். ஆனால் உறையை வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கும் பயம்தான்.

குடியிருப்புக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் சித்தப்பாவைச் சந்தித்தேன். பால் டீ சொல்லிவிட்டு உறையை மேஜையில் வைத்தேன். உறையைப் பார்த்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

"எப்படிச் செத்தேன்?"

"தெரியல சித்தப்பா. சுவத்துல மாட்டியிருக்கான். காரணம் சொல்லல."

"அந்த வசனம்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் டீயை மெதுவாகக் கலக்கினார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். திட்டினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சாகலன்னு சொல்லிட்டேன் நிங்கு."

உறையை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"வாங்க மாட்டேன்."

"சித்தப்பா, வாங்கலன்னா உங்களுக்குத்தானே கெடுதல்?"

"வாங்கினா சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும். நான் சாகல. சாகாத ஆளுக்கு எதுக்கு உறை? டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லு. இங்க என்னைச் சுவத்துல மாட்டிக்கட்டும், கூரைல வேணும்னாலும் மாட்டிக்கட்டும். மான்செஸ்டருக்கு நான் பேசற படம் போகணும். அவ அதப் பாத்தப்புறம் வாங்கிக்கறேன்."

உறையை நான் திருப்பிக் கொடுத்ததும் லோங் கூண்டில் மாட்டிய எலி மாதிரி அறைக்குள் சுற்றினான். இங்கே காட்டுவது ஒன்று, அங்கே அனுப்புவது ஒன்று என்றால், அது யார் காதுக்காவது போனால்? "ஒரே படமா இருக்கறதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு" என்றான்.

"உறை வாங்காத மனுஷனச் சுவத்துல மாட்டிட்டு எவன்டா பாதுகாப்பா இருக்கறது?" என்றான் கோங்.

ஒரு பக்கம் கேள்வியே கேட்காத அலுவலகம், மறுபக்கம் உறை வாங்காத கிழவர். இரண்டில் எது பயங்கரம் என்று லோங் ஒரு வாரம் யோசித்தான். ஆவி எதையும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளாது என்பது அவனுக்கும் தெரியும். கடைசியில் மேஜைக் காட்சியோடு முழுப் படத்தையும் மான்செஸ்டருக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டுத் தன் போனை அணைத்துப் போட்டான்.

இங்கே முதல் காட்சியும் அங்கே சர்ச் மண்டபக் காட்சியும் ஒரே சனிக்கிழமை அமைந்தன. இங்கே மாலை, அங்கே காலை. நாங்கள் படம் போட்ட தியேட்டர் அடுத்த மாதம் மூடப்போகிறது. உடற்பயிற்சிக் கூடம் வருகிறதாம். வார இறுதியில் ஊர் ஜனம் எல்லையைத் தாண்டிச் சீனப் பக்கத்து ஷென்ஜெனுக்குச் சாப்பிடப் போய்விடுவதால் கூட்டம் வராது என்று பயந்தோம். பாதி அரங்கம் நிறைந்தது. அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். கோங் எல்லோர் பையிலும் ஒரு பம்பளிமாஸ் இலையைப் போட்டுவிட்டான், தீட்டுக்கு. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் படம் வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். எங்கள் கூட்டம் மொத்தமும் திரையைப் பார்க்காமல் சித்தப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்தது. ஏசி ஒருமுறை கடகடத்தபோது லோங் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். சித்தப்பா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். எங்கள் படங்களில் ரசிகர்கள் முக்கியமாக இதற்குத்தான் வருகிறார்கள், படம் இதற்கு ஒரு சாக்கு. மேடைக்குச் சித்தப்பா ஏறியதும் அரங்கத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசைப் பெண், "ஐயோ, இவர் இருக்காரா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நான் மைக்கை அவர் கையில் கொடுத்தேன். யாரோ ஒரு இளைஞன் எழுந்து, இல்லாமையின் இருப்பு என்று ஏதோ கேட்கத் தொடங்கினான்.

அப்போது போன் அடித்தது. சித்தப்பா, அந்த இளைஞனுக்குக் கையைக் காட்டிவிட்டு, வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு, வழக்கம்போல் வாயருகே பிடித்தார். அதே கையில் மைக் இருந்தது.

"சாப்ட்டியா?"

அரங்கம் முழுக்க ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா." இன்னும் கொஞ்சம் அழுகை. "அந்தக் கதவு வசனம் யார் எழுதினது?"

லோங் பலமாக இருமினான்.

"டைரக்டர்தான். நல்லாப் படிச்ச பையன்."

"பொய் சொல்லாதீங்க."

நான் மைக்கை வாங்கக் கை நீட்டினேன். ஒலிப்பதிவுக்காரியாக அதுதான் என் கடமை. பாதியில் கையை இழுத்துக்கொண்டேன்.

"அப்பா, எனக்குக் கதவத் தொறக்கணும்னு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காதீங்க. வெளிய போங்க, நாலு பேரப் பாருங்க. சாவி என்கிட்ட இருக்குப்பா. வர்றப்ப எடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் பைலதான் வச்சிருக்கேன். பூட்ட மட்டும் மாத்திடாதீங்க."

"தெரியும்" என்றார் சித்தப்பா. "நீ போன அன்னிக்கே ஆணில ஒரு சாவி கொறஞ்சுது. மாத்தல. எண்ணெய் போட்டுட்டுத்தான் இருக்கேன்."

வெட்டப்பட்ட காட்சியை அரங்கத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் பார்த்ததுபோலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்க எழுந்த இளைஞன் கேள்வியை மறந்து உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன், மறைக்கவில்லை.

சித்தப்பா போனைப் பையில் போட்டுவிட்டு, மேடையிலேயே லோங் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"உறை எங்க?"

லோங் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கினார். அங்கிருந்து நேராக இறங்கி, வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பேக்கரியில் முட்டை டார்ட் சூடாக அடுக்கியிருந்தது. அவர் அதைக் கடந்து, பாதி ஷட்டர் இறக்கியிருந்த இரும்புச் சாமான் கடைக்குள் குனிந்து நுழைந்தார்.

"சித்தப்பா, இனிப்புதானே வாங்கணும்?"

"செத்தவங்க வாங்கட்டும்" என்றார். கடைக்காரரிடம் உறையைப் பிரித்து நீட்டி, ஒரு புட்டி தையல் மெஷின் எண்ணெய் கேட்டார்.